கீற்றுக்குக் கீழே செங்கல்



புதுச்சேரியின் மரபுக் கட்டடங்கள் எவை என்று கேட்டால், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு மாளிகைகளைக் காட்டுவார்கள். மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளைக் காட்டுவார்கள். செங்கல் சுவர்மேல் கீற்று வேய்ந்த சேரி வீட்டை யாரும் காட்டுவதில்லை. அதற்கும் வரலாறு உண்டு.

அந்த வீடு நமக்குத் தெரியும். சுவர் குட்டை. சவுக்குக் கழியில் கட்டிய கூரை தாழ்ந்திருக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். மண்சுவரைப்போல இந்தச் சுவர் சாரலில் கரையாது. கீற்றை மட்டும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தளம் போடப் பணம் சேரும்வரை இப்படித்தான்.

அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக ஏன் மண்சுவர்? சூளையில் செங்கல் அறுத்தவர்களுக்குச் செங்கல் கட்டத் தெரியாதா? மனை அவர்களுடையதில்லை, அதுதான் காரணம். சேரி மனைகளும் மிராசுதாரர் பிடியில் இருந்ததை 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் தன் அறிக்கையில் எழுதினார். 'போ' என்றால் போக வேண்டியவர் எதை நம்பிச் செங்கல் அடுக்குவார்? கழியையும் கீற்றையும் பிரித்து எடுத்துப் போகலாம். சுவரைத் தூக்கிப் போக முடியாது.

நம் ஊரில் சுவர் நமக்கு எதிராகவும் எழுந்தது. சம்பா கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745இல் பேசுகிறது. சேரி மக்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது.

காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினம் வட்டாரத்தில் இருக்கிறது கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ராமையாவின் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூரை வீட்டில் வாழ்வதன் விலை அது. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது.

ஆகவே, கீற்றுக்குக் கீழே நிற்கும் செங்கல் சுவரை அரைகுறை வீடு என்று சொல்லாதீர்கள். 'இனி இங்கிருந்து போகமாட்டோம்' என்று நம் பெற்றோர் எழுப்பிய சுவர் அது. இன்று கடற்கரை விடுதிகள் அதே கீற்றை அழகுக்காக வேய்கின்றன. நம் வீடுகளோ ஒவ்வொன்றாக மறைகின்றன. மறைவது குறித்து எனக்கு வருத்தமில்லை, தளம் போட்ட வீடு நம் உரிமை. பதிவில்லாமல் மறைவதுதான் வருத்தம்.

மாணவர்களே, அளவுநாடாவோடு சேரிக்குப் போங்கள். சுவரை அளந்து வரைபடம் போடுங்கள். முதல் செங்கல்லை வைத்தது யார் என்று கேளுங்கள். பட்டா எந்த ஆண்டில் கிடைத்தது என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இன்னும் கிடைக்கவில்லை என்றால், அங்கிருந்துதான் நம் அடுத்த வேலை தொடங்குகிறது.