யானைக்கால் நோய்: புழுவும் உடலின் எதிர்ப்பாற்றலும்

கொசுக்கடியால் பரவும் இழைப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியேறுவதால் உண்டாகும் நாட்பட்ட நோய் யானைக்கால். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதற்குப் பெரும்பாலும் காரணமானது வுச்செரேரியா பாங்க்ராஃப்டி என்ற இனம். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இதைச் சுமந்து வருகிறது. பெண்புழு தையல் நூல்போல மெலிந்தது, 8 முதல் 10 செ.மீ. நீளம் உடையது. பல ஆண்டுகள் உயிரோடிருந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை ஓயாமல் ஈன்று ரத்தத்தில் விடும். காலில் ஒரு முள் தைத்தால் இரண்டே நாளில் சீழ் கட்டி அதை வெளியே தள்ளப் பார்க்கும் உடம்பு, விரல் நீளத்துக்கு நெளியும் ஓர் அந்நிய உயிரை எப்படி ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கிறது? நோயின் வரலாறு நெடுகிலும் கிடைத்த சான்றுகள் ஒரு விடையையே காட்டுகின்றன. இந்தப் புழு உடலின் காவலைத் தணித்து வைத்துக்கொண்டு வாழ்கிறது. ஊரார் கண்ணில் படும் நோய் பெரும்பாலும் அந்த இணக்கம் குலைந்த பிறகு வருவது.

புழுவைக் கண்டுபிடித்த கதை பல கண்டங்களில் சிதறிக் கிடக்கிறது. 1863இல் பாரிஸில் தெமார்க்கே, விரைவீக்க நீரில் நுண்புழுக்களைக் கண்டார். 1866இல் பிரேசிலின் பாகியாவில் வுக்கரர், பால்போல வெளுத்த சிறுநீரில் கண்டார். 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் அவை ரத்தத்திலேயே ஓடுவதைக் காட்டினார். வளர்ந்த புழு 1876இல் பிரிஸ்பேனில் ஜோசப் பாங்க்ராஃப்ட் கையில் அகப்பட்டது. அடுத்த ஆண்டு, சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன், கொசுவின் உடலுக்குள் நுண்புழு வளர்வதைக் கண்டார். நுண்புழுக்கள் இரவில் மட்டும் மேல்தோலின் ரத்தத்துக்கு வந்து, பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்குவதையும் அவரே கணித்தறிந்தார். அத்தனை கூர்மையான மனிதர் ஓரிடத்தில் சறுக்கினார்: கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று நம்பினார். 1900இல் ஜார்ஜ் லோ கொசுவின் உறிஞ்சுகுழலிலேயே புழுக்களைக் கண்டபின்தான் அது திருத்தப்பட்டது.

மேன்சன் காலத்திலேயே ஒரு முரண்பாடு தெரிந்திருந்தது. கால் தூணாக வீங்கியவரின் ரத்தத்தில் நுண்புழு அநேகமாகக் கிடைக்காது. எந்தக் குறையும் இல்லாதவரின் ஒரு துளி ரத்தத்தில் அது கூட்டமாக நெளியும். அதனால்தான் யானைக்கால் தடுப்புப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாகப் போய், நலமாகத் தூங்குகிறவர்களை எழுப்பி விரல் நுனியில் குத்த வேண்டியிருந்தது. மேன்சன் தந்த விளக்கம் குழாய் அடைப்பு: புழு நிணநீர் ஓட்டத்தை அடைக்கிறது, குட்டிகள் வெளியேற வழியில்லை, கால் வீங்குகிறது. கேட்கப் பொருத்தமாக இருந்ததால் இது நெடுங்காலம் நிலைத்தது. இந்த முரண்பாட்டில் உடலின் எதிர்ப்பாற்றலுக்குப் பங்குண்டு என்ற எண்ணம் வலுப்பெற வெகுகாலம் ஆயிற்று.

அதற்கான முதல் பெரிய சான்று போரில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கானோருக்குச் சில மாதங்களிலேயே நெறி கட்டி, கை கால் சிவந்து, விரை வீங்கியது. ஆனால் அவர்கள் ரத்தத்தில் நுண்புழு அரிது. அதே தீவுகளில் பிறந்து வளர்ந்தவர்களோ ரத்தம் நிறைய நுண்புழுவோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். புழுவைப் புதிதாகச் சந்தித்த உடம்பு சண்டை போட்டது. கருவிலிருந்தே பழகிய உடம்பு பொறுத்துக்கொண்டது. 1977இல் எரிக் ஆட்டசன் குழுவினர் குக் தீவுகளில் நுண்புழு தாங்கியவர்களின் வெள்ளணுக்களைச் சோதித்தபோது, புழுவின் புரதத்துக்கு அவை அசையவே இல்லை; வேறு தூண்டல்களுக்கு வழக்கம்போலப் பெருகின. புழு சுரக்கும் பொருள்கள் எதிர்ப்பை அடக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற சமிக்ஞையையும், சீறிப் பாயும் ஐஜிஇ-க்குப் பதிலாகச் சாதுவான ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருளையும் பெருகச் செய்வது பின்னர் தெரிந்தது. ஆப்பிரிக்க உறக்கநோயின் ஒட்டுண்ணி மேற்சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுத் தப்பிக்கும் வழி வேறு. இழைப்புழு காவல்காரனையே தன் பக்கம் பேச வைக்கிறது.

அப்படியானால் நுண்புழு தாங்கியவர்களுக்கு எதிர்ப்பாற்றலே குன்றிவிட்டது என்று கொள்ளலாமே என்பார்கள். கொள்ள முடியாது: மற்ற தூண்டல்களுக்கு அந்த வெள்ளணுக்கள் விழித்தே இருந்தன. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இணக்கம் நிலவும்வரை தீங்கில்லை என்றால், புழுவை ஏன் கொல்ல வேண்டும்? 1990களில் பிரேசிலின் ரெசீஃபி நகரில், நோய்க்குறி ஏதுமில்லாத ஆண்களின் விரைப்பையை மீயொலிக் கருவியால் பார்த்தபோது, நிணநீர்க் குழாய்க்குள் புழுக்கள் ஓயாமல் நெளிந்தன. மருத்துவர்கள் அதை நடனம் என்றே குறித்தார்கள். நடனம் நடந்த குழாய் அடைபடவில்லை, அகன்று தளர்ந்திருந்தது. அடைப்பு விளக்கமும் தீங்கற்ற இணக்கம் என்ற எண்ணமும் அங்கே சேர்ந்தே அடிவாங்கின. புழு இயல்பாகவோ மருந்தாலோ சாகும்போது அதன் உடற்சிதைவும், அதனுள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவும் வெளிப்பட்டு அழற்சியை மூட்டுகின்றன. தளர்ந்த குழாய் நிணநீரை இழுக்காமல் காலில் தேக்குகிறது. கால்விரல் இடுக்கின் வெடிப்பு வழியே சாதாரண பாக்டீரியா நுழைகிறது. அதனால் வரும் ஒவ்வொரு குளிர்காய்ச்சலுக்குப் பிறகும் தோல் இன்னும் கொஞ்சம் தடிக்கிறது. ஆகவே யானைக்காலை எதிர்ப்பாற்றலின் மிகைச்செயல் என்று மட்டும் சொல்வதும் அரைகுறை. புழு தொடங்கியதை வெடிப்பு வழியே நுழையும் கிருமிகளே முற்றவைக்கின்றன.

சிகிச்சையின் வரலாறும் எதிர்ப்பாற்றலுக்கும் கிருமிகளுக்கும் உள்ள இந்தப் பங்கையே காட்டுகிறது. 1947இல் அறிமுகமான டி.இ.சி. மருந்து சோதனைக் குழாயில் நுண்புழுவை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, உடலுக்குள் விரைவாக அழிக்கிறது; உறங்கிய எதிர்ப்பாற்றலும் சேர்ந்து வேலை செய்வதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. மாத்திரை விழுங்கிய அன்றிரவே சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வருவது இதனால்தான்; நுண்புழு கூடுதலாக உள்ளவருக்குத்தான் அது அதிகம். நலமாக இருந்தவனை மாத்திரை படுக்க வைத்துவிட்டது என்று தெருவில் எழும் புகாரில் தவறில்லை, காரணம் மட்டும் வேறு. மக்களுக்கு மொத்தமாக மருந்து வழங்கியதால் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்நோய் நீங்கியதாக 2016இல் இலங்கை உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. முற்றிய காலை மாத்திரை பழைய நிலைக்குக் கொண்டுவராது. அங்கே உதவுவது தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு விரல் இடுக்கு வரை கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெடிப்பில் மருந்து தடவி, இரவில் காலை உயர்த்தி வைத்துப் படுப்பது.