பிளேக் ஊருக்குள் கார் நுழைந்த விதம்: பிரேசர் டவுனின் போக்குவரத்து வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

பெங்களூரின் இருபதாம் நூற்றாண்டைப் பற்றி எழுதுபவர் ஜானகி நாயரைத் தொடாமல் எழுத முடியாது. 2005இல் வெளிவந்த அவருடைய 'தி பிராமிஸ் ஆஃப் தி மெட்ரோபோலிஸ்' நூலுக்குப் பிறகு, இந்த நகரத்தை இரண்டு நகரங்களாகப் பார்ப்பது ஆய்வுலகில் இயல்பாகிவிட்டது. மேற்கே பேட்டை, கிழக்கே கண்டோன்மென்ட். இரண்டுக்கும் நடுவே கப்பன் பூங்கா. ஆட்சி வேறு, மொழிகள் வேறு, தொழில்கள் வேறு, பொழுதுபோக்குகூட வேறு. 1881 முதல் 1947 வரை கண்டோன்மென்ட் பகுதி பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கையில் இருந்தது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாகச் சேர்க்கப்பட்டன. சேர்ந்த பின்னும் பிளவு மறையவில்லை என்பதற்கு நாயர் காட்டும் சான்றுகள் வலுவானவை. அவற்றை இக்கட்டுரை மறுக்கவில்லை.

மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. போக்குவரத்து அந்த நூலின் மையப் பொருளன்று. ஆனாலும் அதன் சட்டகத்தைப் போக்குவரத்துக்கு நீட்டுபவர்கள் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்து சேர்கிறார்கள். கண்டோன்மென்ட் என்றால் பங்களா, காம்பவுண்டு, வண்டி வந்து நிற்கப் போர்ட்டிகோ. முதலில் குதிரை வண்டி, பிறகு மோட்டார் கார். பேட்டை என்றால் நடை, சைக்கிள், பஸ். ஆகவே கிழக்கு பெங்களூரில் இன்று கார் நிறைந்திருப்பதற்கு வேர் அந்தக் காலனியப் பழக்கத்தில் இருக்கிறது என்பது அந்த முடிவு. இதை நாயர் சொன்னதாக அவர்மேல் ஏற்றுவது நியாயமாகாது. ஆனால் அவருடைய சட்டகம் கொண்டுபோய் விடும் இடம் அதுதான். அந்த இடத்தில் பிரேசர் டவுனை நிறுத்திப் பார்த்தால் விளக்கம் நிற்கவில்லை.

முதல் காரணம், பிரேசர் டவுன் பங்களாக்களின் ஊராகத் தொடங்கவில்லை. 1898இல் ஹூப்ளியிலிருந்து ரயில் வழியே பெங்களூருக்கு வந்த பிளேக்தான் அதன் பிறப்புக்குக் காரணம். இன்றைய சிவாஜிநகரான பிளாக்பள்ளியில் தமிழரும் உருது பேசும் முஸ்லிம்களும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அந்த நெருக்கடியைத் தளர்த்த, காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்பு வேண்டும் என்று கண்டோன்மென்ட் நிர்வாகம் முடிவு செய்தது. மைசூர் அரசின் பக்கத்தில் இதே பிளேக் இதே காரணத்துக்காக மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் வளர்த்தது. இரண்டு ஆட்சிகள், ஒரு நோய், ஒரே விதமான விடை. பிரேசர் டவுனின் உடன்பிறப்பைத் தேடினால் ரெசிடென்சி ரோட்டு பங்களா கிடைக்காது, மல்லேஸ்வரம்தான் கிடைக்கும்.

இந்த ஒப்பீட்டை இறுகப் பிடித்துக்கொள்வது அவசியம். கார் மோகம் கண்டோன்மென்ட் பண்பாட்டின் வாரிசு என்றால், நூறாண்டு கழித்து மல்லேஸ்வரத்தின் மார்கோசா ரோடும் பிரேசர் டவுனின் மாஸ்க் ரோடும் வேறுவேறு முகம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. இரண்டிலும் தெருவோரம் முழுக்கக் கார்கள். இரண்டிலும் நடைபாதைமேல் ஏறி நிற்கும் ஸ்கூட்டர்கள். ஆட்சி வேறாக இருந்தும் விளைவு ஒன்றாக இருப்பதால், காரணத்தை ஆட்சியிலும் அது வளர்த்த பழக்கத்திலும் தேடுவது பொருந்தாது.

ஊரின் தொடக்க ஆண்டு குறித்து இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில குறிப்புகள் 1906 என்கின்றன. சில 1910 என்கின்றன. பெயரை வைத்தும் இதைத் தீர்க்க முடியாது. ஊருக்குப் பெயர் தந்த ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் ஃபிரேசர், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்தவர். மைசூரில் ரெசிடென்ட்டாக இருந்தது 1905 முதல் 1910 வரை. இரண்டு தேதிகளும் அந்தக் காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. திட்டம் தொடங்கியது முன்னதாகவும், ஊராக நிலைபெற்றது பின்னதாகவும் இருக்கலாம் என்பது இக்கட்டுரையின் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே அது நிற்கட்டும்.

தேதி ஏன் முக்கியம்? ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரை 1908இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1906 என்றால் மலிவு விலைக் கார் என்ற எண்ணமே உலகில் பரவாத காலம். 1910 என்றாலும் அந்தக் கார் கண்டோன்மென்ட் நகராட்சிப் பொறியாளரின் வரைபடத்தை மாற்றியிருக்க வாய்ப்பில்லை. எந்தத் தேதியை ஏற்றாலும் இந்தத் தெருக்கள் காருக்காக வெட்டப்பட்டவை அல்ல.

அவை எதற்காக வெட்டப்பட்டன என்பதைத் திட்டத்தோடு தொடர்புடைய ஜே. எச். ஸ்டீஃபன்ஸ் 1914இல் வெளியான தம் நூலின் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்: பிளேக் நுழையாத நகரமைப்பு. எலி புகாத அடித்தளம், வீட்டுக்குள் காற்று, தெருவுக்குள் வெயில். சாலையின் அகலம் சுகாதாரக் கணக்கில் வந்தது. பின்னாளில் அந்த அகலத்தைக் கார் எடுத்துக்கொண்டது.

பழைய அமைப்பு மிஞ்சியிருக்கும் தெருக்களில் வீடுகளின் முதுகுப்புறம் ஒரு குறுகிய சந்து ஓடும். கன்சர்வென்சி லேன் என்று ஊரார் சொல்லும் அந்தச் சந்துகள் கண்டோன்மென்ட் பகுதி முழுக்க உண்டு. எடுப்புக் கழிப்பறை இருந்த காலத்தில், மலம் அள்ளும் தொழிலாளிகள் முன்வாசல் வழியே வராமல் பின்பக்கமாக வந்து போவதற்கென்று விடப்பட்ட வழி அது. வெளிச்சமும் காற்றும் எல்லோருக்கும் என்று வரைந்த அதே திட்டம், இழிவு என்று கருதிய வேலையை வீட்டின் பின்னால் ஒளித்தது. அந்தக் கொடுமையைக் குறிப்பிடாமல் இந்தச் சந்துகளைக் கடந்து போவது தவறு. போக்குவரத்து வரலாற்றுக்கும் அவை ஒரு சான்று தருகின்றன. எந்த வண்டி எந்த வழியில் வரவேண்டும் என்று திட்டமிட்டவர்கள் யோசித்திருக்கிறார்கள். வீட்டுக்காரரின் சொந்த வண்டிக்கு வீட்டுக்கு வீடு இடம் ஒதுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. போர்ட்டிகோ உள்ள பெரிய வீடுகள் சில இருந்தன. அவற்றை மட்டும் பார்த்து ஊரையே கார் ஊராகப் படிப்பது, மாதிரிக்குத் தவறான வீட்டை எடுத்துக்கொள்வதாகும்.

அப்படியானால் மக்கள் எப்படிப் போய்வந்தார்கள்? நடந்தும் ஜட்காவிலும்தான். சிவாஜிநகர் சந்தை நடக்கும் தூரம். ஊரின் கிழக்கு ஓரத்தில் தண்டவாளத்தை அடுத்து எழுந்த இம்பீரியல் டொபாக்கோவின் சிகரெட் ஆலைக்குச் சுற்றுவட்டாரத் தொழிலாளர்கள் நடந்தே போகலாம். சென்னையில் 1895லேயே டிராம் ஓடத் தொடங்கியது. பெங்களூருக்கு டிராம் வரவில்லை. ஆனால் பிரேசர் டவுனுக்குப் பக்கத்தில் டிராமைவிட வலிமையான ஒன்று ஏற்கெனவே இருந்தது.

சென்னை ரயில்வே 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குப் பாதை போட்டது. அந்தப் பாதை இன்றைய பெங்களூரு கிழக்கு நிலையத்தின் வழியே ஊரை உரசிக்கொண்டு போகிறது. சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலமும் சைதாப்பேட்டையும் அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்தன. அலுவலகம் போகும் குடும்பம் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு தேடியது. பெங்களூரு கிழக்கில் தண்டவாளம் இருந்தது, நிலையம் இருந்தது, இரு பக்கமும் மக்கள் இருந்தார்கள். காத்திருந்தால் அடுத்த வண்டி வரும் என்று நம்பும்படி அடிக்கடி வந்து நிற்கும் ரயில் மட்டும் இல்லை. வெளியூர் ரயில்கள் ஊரைக் கடந்து ஓடின. சில பயணி வண்டிகளே அங்கே நின்றன. மல்லேஸ்வரத்திலும் நிலையம் உண்டு, அங்கும் இதே கதை. இரு நகரச் சட்டகம் பேட்டையையும் கண்டோன்மென்ட்டையும் பிரித்துக் காட்டுவதில் மும்முரமாக இருப்பதால், இரண்டையும் கட்டியிருக்கக்கூடிய, கட்டாமல் விட்ட இந்த இருப்புப்பாதை அதில் தெரிவதில்லை.

அடுத்து பஸ். 1940இல் பெங்களூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனி தனியார் நிறுவனமாகத் தொடங்கியது. 1956இல் அரசு அதை எடுத்துக்கொண்டு, பி.டி.எஸ். என்று ஊரே அழைத்த பெங்களூர் டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் ஆக்கியது; 1997 ஆகஸ்டில் நகரப் பஸ் சேவை பி.எம்.டி.சி. என்ற தனிக் கழகமானது. இந்த இடத்தில் நாயரின் சட்டகத்துக்கு ஒரு பகுதி வெற்றியை ஒப்புக்கொள்ள வேண்டும். பஸ் வலை இரண்டு முடிச்சுகளில் கட்டப்பட்டது. ஒன்று சிவாஜிநகர். மற்றது தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் எழுந்த மெஜஸ்டிக். மாநகராட்சி ஒன்றான பின்னும் பஸ் வரைபடத்தில் பழைய இரு நகரங்கள் உயிரோடு இருந்தன. பிரேசர் டவுன்காரர் ஊரின் பல திசைகளுக்கும் போக முதலில் சிவாஜிநகர் வந்து வண்டி மாற வேண்டியிருந்தது. இரண்டு கிலோமீட்டரில் இறங்கி, நெரிசலில் நின்று, இன்னொரு பஸ் பிடிக்கும் பயணம் அது. ஆக, கண்டோன்மென்ட் விட்டுச்சென்றது கார்மேல் ஒரு விருப்பத்தை அல்ல. பஸ்ஸில் ஒரு மாறுதலை.

இனி வருவது சான்று மெலிந்த பகுதி. ஆனால் வாதத்தின் அச்சு இதுதான் என்று இக்கட்டுரை கருதுகிறது. 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1950களில் எச்.எம்.டி.யும் பி.இ.எல்.லும். இந்தப் பொதுத்துறை ஆலைகள் தங்கள் ஊழியர்களுக்காகத் தனிப் பேருந்துகளை ஓட்டின. ஷிப்ட் நேரத்துக்குத் தெருமுனையில் வந்து நிற்கும். வேலை முடிந்தால் கொண்டுவந்து விடும். ஐ.டி.ஐ.யும் எச்.ஏ.எல்.லும் கிழக்கில் இருந்தன. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பகுதிகளிலிருந்து அங்கே வேலைக்குப் போன குடும்பங்கள் பல. நிரந்தர வேலையும் சங்கமும் குரலும் உள்ள ஒரு வர்க்கம் காலையும் மாலையும் பொது பஸ்ஸுக்கு வெளியே பயணம் செய்தது. பொது பஸ் தாமதமானால் கூச்சல் போடக்கூடியவர்கள் அதில் இல்லை. கார் வாங்குவதற்கு ஒரு தலைமுறை முன்பே அவர்கள் பொதுப் போக்குவரத்தை விட்டு நகர்ந்துவிட்டார்கள். இதை எண்களால் நிறுவ ஆலைகளின் பேருந்துப் பதிவேடுகள் வேண்டும். ஆனால் பின்னாளில் மென்பொருள் நிறுவனங்கள் கேப்களையும் தனிப் பேருந்துகளையும் அமர்த்தியபோது அதை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. அந்த வழக்கம் இந்த நகரத்துக்கு முன்பே பழகியிருந்தது என்பதற்கு அது ஒரு மறைமுகச் சான்று.

ஐ.டி. வந்து ஊரைக் கெடுத்தது என்ற எளிய விளக்கத்தையும் இதே இடத்தில் திருத்தலாம். பழைய சிகரெட் ஆலை நின்ற இடத்தில் இன்று அதே குழுமத்தின் மென்பொருள் வளாகம் இருக்கிறது. இடம் மாறவில்லை, அங்கே வேலைக்கு வருபவர் வசிக்கும் தூரம் மாறியது.

கார் உடனே வரவும் இல்லை. ஓசூரில் உருவான டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் வந்தது. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். நடுத்தரக் குடும்பம் பஸ்ஸிலிருந்து நேராகக் காருக்குத் தாவவில்லை, நடுவில் இரு சக்கரத்தில் நீண்ட காலம் ஓடியது. இன்றும் பெங்களூரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிய நிலையில், பத்தில் ஏறக்குறைய ஏழு இரு சக்கர வாகனங்கள். காரா பஸ்ஸா என்று மட்டும் கேட்டால் ஊரின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கு வெளியே நிற்கிறது.

பிறகு வீடுகள் மாறின. ஓடு வேய்ந்த வீடும் முன்தோட்டமும் இருந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுக் குடும்பம் என்றால் தரைத்தளக் கார் நிறுத்தம் போதாது. மிச்சம் தெருவுக்கு வரும். கோல்ஸ் ரோட்டிலும் மாஸ்க் ரோட்டிலும் தெரு என்பது யாருக்கு என்ற சண்டை இப்படித்தான் தொடங்கியது. ரமலான் மாத இரவுகளில் மாஸ்க் ரோட்டில் கூடும் உணவுக் கடைகள் 2023இல் நெரிசலையும் குப்பையையும் காரணமாகக் காட்டிய குடியிருப்போரின் எதிர்ப்பைச் சந்தித்தன. அவர்களுடைய துன்பம் பொய்யில்லை. ஆனால் ஒரு மாதம் கூடும் கூட்டம் இடைஞ்சலாகவும், ஆண்டு முழுக்கத் தெருவோரத்தில் நிற்கும் கார் வரிசை இயல்பாகவும் தெரிவது நடுநிலைப் பார்வை அல்ல.

மெட்ரோ இதை மாற்றுமா? 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளி–எம்.ஜி. ரோடு பாதை திறந்தபோது அது பிரேசர் டவுனுக்குத் தெற்கே விலகிப் போனது. மல்லேஸ்வரத்தின் ஓரத்துக்கு, சம்பிகே ரோடு நிலையத்துக்கு, 2014இல் மெட்ரோ வந்துவிட்டது. காளேன அக்ரஹாரா–நாகவாரா இளஞ்சிவப்புப் பாதையின் சுரங்க நிலையங்களில் பாட்டரி டவுனும் டேனரி ரோடும் பிரேசர் டவுனின் மேற்கு விளிம்பைத் தொடுகின்றன. கிழக்குப் பாதிக்கு அவை தொலைவு. அங்கிருந்து நிலையம் வரை கொண்டுவிடும் சிறு பஸ் இல்லையென்றால் ஸ்கூட்டர் இன்னொரு வேலையை ஏற்றுக்கொள்ளும். 2023 ஜூனில் கர்நாடக அரசின் சக்தி திட்டம் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. சந்தைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் சிவாஜிநகரில் வண்டி மாறும் சிரமத்தை அது தொடவில்லை.

ஒன்றிய அமைச்சரவை 2020 அக்டோபரில் ஒப்புதல் தந்த 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2022 ஜூனில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் நான்கு பாதைகளில் பாரிஜாதா எனப்படுவது கெங்கேரியிலிருந்து கண்டோன்மென்ட் வழியாக ஒயிட்ஃபீல்டுக்குப் போக வேண்டியது. அதாவது 1864ஆம் ஆண்டின் பாதையை ஒட்டி, பிரேசர் டவுனின் ஓரமாக. அந்த ரயில் அடிக்கடி வந்து, அங்கே நின்று, அப்போதும் தெருவோரக் கார்கள் குறையாமலிருந்தால், பழக்கமே காரணம் என்னும் வாசிப்பின் பக்கம் தராசு சாயும். இக்கட்டுரையின் வாதத்தையும் திருத்தி எழுத வேண்டிவரும்.