பூச்சுக்குள் கடற்கரை மணல்

லண்டன் நேஷனல் கேலரியில் குளோத் மோனே 1870-ல் தீட்டிய ‘த்ரூவில் கடற்கரை’ ஓவியம் இருக்கிறது. அதன் பூச்சுக்குள் மணல் துகள்கள் உறைந்து கிடக்கின்றன. காற்று அடித்து ஈரச் சாயத்தில் ஒட்டவைத்தவை. படம் கடற்கரையிலேயே தீட்டப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

எண்ணெய்ச் சாயத்தோடு வெளியே போவது ஒரு காலத்தில் பெரும்பாடு. அரைத்த சாயத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். குத்திப் பிதுக்கினால் மறுபடி சரியாக மூட முடியாது. அப்படியும் இங்கிலாந்து ஓவியர் கான்ஸ்டபிள் 1824-ல் பிரைட்டன் கரையில் எண்ணெய்ச் சாயத்தில் சிறு படங்கள் வரைந்தார். 1841-ல் அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட், பிழிந்து பயன்படுத்தும் வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வெளியில் போய்த் தீட்டும் கலையின் வரலாற்றில் எந்தத் தூரிகைக்கும் குறையாத இடம் அந்தக் குழாய்க்கு உண்டு.

1857-ல் பிரெஞ்சு ஓவியர் டோபினி ஒரு படகையே ஓவியக்கூடமாக்கி ஆற்றில் இறங்கினார். மோனேயை இளம் வயதிலேயே வெளிவெளிச்சத்துக்கு இழுத்து வந்தவர், துறைமுக ஊரான ஓன்ஃப்ளோரில் பிறந்த ஓவியர் பூதேன். பின்னாளில் மோனேயும் சேன் ஆற்றில் ஓவியப் படகு வைத்துக்கொண்டார். அதில் அவர் உட்கார்ந்து தீட்டுவதை 1874-ல் சக ஓவியர் மானே வரைந்தார்.

கடல் அத்தனை சாந்தமானதல்ல. 1885-ல் பிரான்ஸின் எத்ரெதா கடற்கரைப் பாறையடியில் பேரலையொன்று மோனேயைப் புரட்டிப்போட்டு, ஓவியத் தாங்கியையும் சாயங்களையும் வாரிக்கொண்டு போனது. ஆனாலும் அவர் அந்தக் கரைக்கே திரும்பினார். ஒரே காட்சிக்கு ஐந்தாறு கித்தான்கள். ஒளி மாற மாற ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவற்றைச் சிறுவர்கள் சுமந்து வந்ததை எழுத்தாளர் மாப்பசான் நேரில் கண்டு பதிவுசெய்திருக்கிறார்.