நாணயமும் நாணயமாற்றும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் எண்ணிக் கொடுக்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பணம் அனுப்பிய வரலாற்றைப் பார்த்தால், இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தது எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். கடலுக்கு அப்பால் உழைத்துச் சேர்த்த காசைத் தாய்நாட்டில் உள்ள குடும்பத்துக்கு அனுப்ப விரும்பியவன், ‘எவரிடம் கொடுப்பது?’ என்னும் கேள்விக்கு விடை கண்டாக வேண்டியிருந்தது. அந்த விடை சரியாக அமைந்தபோது வயல் மீட்கப்பட்டது, கடன் தீர்ந்தது. தவறாக அமைந்தபோது பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தது.

நாடு கடந்து பணம் அனுப்புவது என்றவுடன் கடலும் கப்பலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே ஒரு காலத்தில் நாட்டெல்லை இருந்தது. இன்று ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையாக உள்ள அந்த வழி, 1792 முதல் 1799 வரை இரண்டு அரசுகளுக்கு நடுவே சென்றது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சு மாதம் சீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சேர்ந்தது. மலைமேல் உள்ள ஒசூர்ப் பகுதியோ திப்பு சுல்தானின் ஆட்சியிலேயே இருந்தது; அவர் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டில்தான் அதுவும் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த உடன்படிக்கையின்படி திப்பு கொடுக்க ஒப்பிய தொகை மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய். அதில் பாதியை உடனே கட்ட வேண்டும், மீதிக்குத் தவணை. தொகை தீரும்வரை அவருடைய புதல்வர் இருவர் பிணையாகக் கம்பெனியிடம் இருந்தனர். ஓர் அரசு மற்றோர் அரசுக்குப் பணம் அனுப்புவதற்கே மக்களைப் பிணைவைத்த காலம் அது.

அரசர்கள் நிலை அவ்வாறிருக்க, எல்லையைக் கடந்த வணிகன் நிலை என்ன? மைசூர்ச் சீமையில் கண்டீரவ வராகனும் பணமும் வழங்கின. சென்னைச் சீமையில் நட்சத்திர வராகன் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதன் கணக்கு 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம் என்பதாகும். ஒரே சந்தையில் பல நாணயங்கள் வந்து விழுந்தபோது, எடை பார்த்து, மாற்றுப் பார்த்து மதிப்புச் சொல்ல ஒருவன் வேண்டும். அவனே சராப்பு. அவன் மாற்றிக் கொடுக்கும்போது கழித்துக்கொண்ட தொகைக்கு ‘வட்டம்’ என்று பெயர். மாணவ நண்பர்கள் இந்தச் சொல்லை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். 1818-ல் சென்னை மாகாணத்தில் ரூபாய் தலைமை நாணயமாயிற்று. 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. உள்நாட்டில் வட்டத்தின் தொல்லை குறைந்தது. கடல் கடந்த பணத்தில் மட்டும் அது நிலைத்துவிட்டது. இன்றும் அது மறையவில்லை. வேறு பெயர்களில் ஒளிந்து நிற்கிறது.

இனி, கடல் கடந்தவர்களைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கையின் தேயிலை மலைகளுக்கும் மலாய் நாட்டின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ் மக்கள் பெருந்திரளாகச் சென்றனர். அவ்வாறு ஆள் சென்ற மாவட்டங்களுள் பழைய சேலம் மாவட்டமும் ஒன்று. ஒசூரும் கிருஷ்ணகிரியும் அக்காலத்தில் அம்மாவட்டத்தின் பகுதிகளே. மலாய்க்குச் செல்வோர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ தங்கவைக்கப்பட்டுக் கப்பல் ஏறினர். இலங்கைக்குச் செல்வோர் மண்டபம் முகாம் வழியே போயினர்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுள் பலருக்கு எழுத்தறிவு இல்லை. ஊருக்குத் திரும்பும் உறவினரிடம் முடிச்சாகக் கட்டிக் கொடுத்தனுப்புவது அவர்களுக்குத் தெரிந்த முதல் வழி. கங்காணியிடம் கொடுப்பது இரண்டாவது வழி. ஆனால் ஆளைச் சேர்த்தவனும், கடன் கொடுத்தவனும், வேலை வாங்கியவனும் கங்காணியே. அவன் கையில் பணத்தையும் ஒப்படைத்தால் கணக்குக் கேட்பது எங்ஙனம்? இலங்கையில் தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுத்த ‘துண்டு’ முறை 1921-ல்தான் ஒழிக்கப்பட்டது. கடனுக்கும் சேமிப்புக்கும் கணக்கு ஒரே ஆளிடம் இருப்பது ஆபத்து என்பதற்கு அது நல்ல சான்று.

மூன்றாவது வழி உண்டியல். கோயிலில் காணிக்கை இடும் உண்டியலை நாம் அறிவோம். வணிகர் வழக்கில் உண்டியல் என்பது ஓலையாகவோ தாளாகவோ எழுதிய பண ஆணை. வடநாட்டில் இதனை ஹுண்டி என்பர். நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடைகள் வைத்திருந்தனர். இரங்கூன் கடையில் பணத்தைக் கட்டினால், தமிழ்நாட்டில் அவர்களோடு கணக்குள்ள கடை அதனைக் கொடுக்கும். கண்டவுடன் கொடுக்க வேண்டியது ஒருவகை. தவணை கழித்துக் கொடுக்க வேண்டியது மற்றொருவகை. இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பணம் கப்பலில் ஏறவே இல்லை. தாள் மட்டுமே பயணம் செய்தது. இரு கடைகளும் தம்முள் உள்ள பற்று வரவைப் பின்னர் நேர் செய்துகொண்டன. அரிசி ஏற்றுமதியிலும் நிலக் கடனிலும் சுழன்ற பெரும் முதலோடு தொழிலாளியின் சிறு தொகையும் அவ்வாறே சுழன்றது. இம்முறையைத் தாங்கி நின்ற தூண் கடையின் நாணயம் ஒன்றே.

நான்காவது வழியாக அரசாங்க அஞ்சல் வந்தது. 1880-ல் இந்திய அஞ்சல் நிலையங்கள் மணியார்டர் பணியை ஏற்றன. பிற நாடுகளுடனும் இத்தொடர்பு ஏற்பட்டது. கிராமத்து வீட்டு வாயிலில் அஞ்சற்காரர் நின்று பணத்தை எண்ணிக் கொடுத்தார்; பெற்றவர் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ வைத்தார்; அந்த ஒப்புச்சீட்டு அனுப்பியவருக்குத் திரும்பிச் சென்றது. எழுதப் படிக்கத் தெரியாத தாயின் ரேகையைத் தோட்டத்தில் இருக்கும் மகன் தன் கண்ணால் காண முடிந்தது. அந்தச் சிறு தாள் கொடுத்த ஆறுதலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சான்று என்பது பணத்தைப் போலவே மதிப்புடையது என்பதை அது மக்களுக்குக் கற்பித்தது.

ஐந்தாவது வழி வங்கி. ஆனால் பெரிய கட்டடமும் வெள்ளைக்காரப் பெயரும் நம்பிக்கைக்கு உறுதியாகா என்பதைச் சென்னை நகரம் 1906 அக்டோபர் 22-ஆம் நாள் கற்றுக்கொண்டது. அன்று ஆர்பத்னாட்டுக் கம்பெனி முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்னாட்டு பின்னர்ச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த அடியிலிருந்து எழுந்த எண்ணமே சுதேசி வங்கி. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நகரத்தார் பெருமக்களும் முயன்று, 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் வங்கியைத் திறந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1937 பிப்ரவரி 10-ல், மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் அது ஒருங்கே வாயில் திறந்தது. வெளிநாட்டு நாணயமாற்றே அதன் தனி நோக்கம். உண்டியலின் பழைய பாதையில் வங்கி நடக்கத் தொடங்கியது என்று இதனைக் கூறலாம்.

இனி வட்டத்துக்கு வருவோம். 1906-ல் மலாயின் டாலர் 28 பென்சு என்று நிலைநிறுத்தப்பட்டது. இந்திய ரூபாயோ அப்போது 16 பென்சு. ஆகவே ஒரு டாலருக்கு ஒன்றே முக்கால் ரூபாய். பத்து டாலர் அனுப்பியவன் வீட்டுக்குப் பதினேழரை ரூபாய் சேர வேண்டும். 1927-ல் அரசாங்கம் ரூபாயை 18 பென்சு என்று சட்டத்தால் உயர்த்தி நிறுத்தியது. பழைய விகிதமே வேண்டும் என்று புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் போன்றோர் வாதாடியும் பயனில்லை. அதே பத்து டாலருக்கு இப்போது ஏறத்தாழ 15 ரூபாய் 9 அணாவே கிடைத்தது. எவரும் திருடவில்லை, கட்டணமும் கூடவில்லை, இலண்டனிலும் டில்லியிலும் எழுதிய ஓர் எண் மாறியது. தோட்டத்தில் வெட்டுக் கத்தி பிடித்தவன் அனுப்பிய தொகையில் ஏறத்தாழ இரண்டு ரூபாய் குறைந்தது. கட்டணத்தைப் பார்ப்பவன் பாதியைப் பார்க்கிறான். மாற்று விகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பவனே முழுமையைப் பார்க்கிறான்.

விகிதம் குறைந்தால் ஒரு பங்கு போகும்; அரசே கவிழ்ந்தால் அனைத்தும் போகும். 1941 டிசம்பரில் இரங்கூன் நகர்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் நகரைக் கைப்பற்றினர். இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே தாய்நாடு திரும்பினர். அவர்கள் விட்டுவந்த கடையும் நிலமும் கணக்கும் அங்கேயே நின்றன. மலாயில் ஜப்பானியர் அச்சிட்டு வழங்கிய நோட்டுகள் 1945-ல் வெறுங் காகிதமாயின. பர்மாவில் 1963-ல் வங்கிகள் அரசுடைமையாயின; 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. சேமித்ததை உரிய காலத்தில் அனுப்பியவர் பிழைத்தனர். பெட்டியில் பூட்டி வைத்தவர் இழந்தனர்.

அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றையும் கூறுவேன். வளைகுடா நாடுகளிலும் பிற நாடுகளிலும் உழைக்கும் இலங்கையர் 2020-ல் வங்கி வழியே அனுப்பிய தொகை ஏறத்தாழ 710 கோடி டாலர். அடுத்த ஆண்டில் மத்திய வங்கி டாலரின் விலையை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து நிறுத்தியது. உண்டியல்காரரோ அதைவிட மிகுதியாகக் கொடுத்தனர். மக்கள் வங்கியை விட்டு உண்டியலுக்குத் திரும்பினர். 2022-ல் வங்கி வழி வந்த தொகை ஏறத்தாழ 380 கோடி டாலராகச் சுருங்கியது. அவ்வாண்டில் எரிபொருளும் மருந்தும் வாங்க அந்நாட்டிடம் டாலர் இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு குடும்பத்துக்குச் சிறு இலாபமாகத் தோன்றியது நாடு முழுவதற்கும் பெரும் இன்னலாயிற்று. ஆயினும் குற்றத்தை அனுப்பியவர் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியாகாது. நேரிய வழியில் நியாயமான விலை கிடைக்கச் செய்வது அரசின் கடமையன்றோ?

இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நிலை மாறியிருக்கிறது. ஒசூரின் தொழிற்பேட்டைகளில் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் இயந்திர உறுப்புகளும் உருவாகின்றன. இம்மாவட்டத்து ரோசா மலர்களும் மாம்பழக் கூழும் கடல் கடந்து செல்கின்றன. அவற்றுக்குரிய விலை, 1973-ல் பெல்ஜியத்தில் தோன்றிய ஸ்விஃப்ட் என்னும் செய்தி அமைப்பின் துணையால் வங்கிகளுக்கு வருகிறது. அந்த அமைப்பும் செய்தியையே சுமக்கிறது. கணக்கைப் பின்னர் வங்கிகள் நேர் செய்துகொள்கின்றன. பழைய உண்டியலின் தத்துவம் மின்சாரக் கம்பியில் ஏறியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் நம் யூ.பி.ஐ. முறை சிங்கப்பூரின் பேநவ் முறையோடு இணைக்கப்பட்டது; இதனால் இரு நாட்டினரும் கைப்பேசியிலேயே சிறு தொகைகளை அனுப்ப வழி பிறந்தது. இவ்வாறு அனுப்புவதற்கு ஆகும் செலவை 2030-க்குள் நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2015-ல் குறிக்கோள் வகுத்தது.

இவ்வளவு வழிகள் இருக்கும்போது தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? வரலாறு நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது என்பது என் கருத்து. முதலாவது, இந்த நிறுவனத்துக்குச் சட்டத்தின் ஒப்புதல் உண்டா? ஆர்பத்னாட்டு முறிவு கற்பித்த பாடம் இது. இரண்டாவது, வட்டம் எவ்வளவு? கட்டணமே இல்லை என்று ஒருவர் விளம்பரம் செய்யலாம். சந்தையில் ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் 64 ரூபாய் கொடுத்தால் ஆயிரம் டாலரில் ஆயிரம் ரூபாய் அவரிடம் தங்கிவிட்டது. ஆகவே ‘கட்டணம் எவ்வளவு?’ என்று கேட்பதைவிட, ‘வீட்டில் கைக்கு எவ்வளவு வரும்?’ என்று கேட்பதே சிறந்தது. மூன்றாவது, பணம் குடும்பத்தின் ஊர்வரை எட்டுமா, எத்தனை நாளில்? நான்காவது, சான்று கிடைக்குமா? ஒப்புச்சீட்டு இல்லாத பணத்துக்கு வழக்கும் இல்லை, முறையீடும் இல்லை.

அன்று தோட்டத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட அருகில் ஆள் இல்லை. இன்று வெளிநாட்டில் உழைப்போர் பலரின் வீட்டில் படிக்கும் பிள்ளை ஒருவர் இருக்கிறார். பெருக்கலும் வகுத்தலும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. தந்தையோ தமையனோ அடுத்த மாதம் பணம் அனுப்பும் முன்னர், இரண்டு மூன்று நிறுவனங்களின் விகிதத்தைக் கேட்டு, தாளில் எழுதி, கைக்கு வரும் தொகையை ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தத் தாளில் மிஞ்சும் தொகை அவர்களுடைய வியர்வையின் ஒரு பங்கு.