கால்வாயில் அமிழ்ந்த இரும்பும் கண்டிச் சீமைத் தேயிலையும்

கண்டி நகரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1815ஆம் ஆண்டுடன் பேனாவை வைத்துவிடுகின்றனர். அரசர், தலதா மாளிகை, ஏரி, பெரஹரா என்பவற்றோடு நகரின் கதை நிறைவுற்றதாகக் கருதும் வழக்கம் ஒன்று நம்மிடையே வேரூன்றியுள்ளது. பின்னர் நிகழ்ந்தவை உல்லாசப் பிரயாணிகளுக்குச் சொல்லும் துணுக்குகளாகச் சுருங்கிவிட்டன. 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு இடம் பெயர்ந்த செய்தியும் அத்தகைய துணுக்குகளில் ஒன்றே. மௌண்ட்பேட்டன் பிரபு கண்டியிலுள்ள தேசாதிபதி மாளிகையிலே தங்கினார் என்பதை யாவரும் சொல்வர். அவருடன் பணியாற்றிய வீலர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரைப் பற்றிச் சொல்வார் இலர்.

ரேமண்ட் வீலர் பேராதனைத் தலைமையகத்தின் பிரதம நிர்வாக அதிகாரி. 1944 நவம்பர் முதல் உப தளபதி. துப்பாக்கி ஏந்துவது அவர் தொழிலன்று. பாரத்தை இடம் பெயர்ப்பதே அவர் தொழில். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1956இல், சுயஸ் கால்வாயின் அடியில் அமிழ்ந்து கிடந்த கப்பல்களையும் தூர்வாரும் யந்திரங்களையும் பாலத்தையும் வெளியே எடுக்கும் பொறுப்பை ஐக்கிய நாடுகள் சபை அவரிடமே ஒப்படைத்தது. அப்போது அவருக்கு வயது 71. அந்தக் கால்வாய் அடைபட்டபோது உலகில் எத்தனையோ நாடுகள் இடருற்றன. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களும் அவ்விடருக்கு உட்பட்டவர்களே. ஆயினும் சுயஸ் நெருக்கடியைப் பற்றிய நூல்களில் அவர்களைத் தேடினால் காண்பது அரிது. மலைநாட்டின் சரித்திரத்தில் அந்தக் கால்வாய்க்கு உரிய இடத்தையும், அதைத் துப்புரவாக்கிய செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

1867 ஓகஸ்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 நவம்பரில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கோப்பிச் செடியை அழித்தொழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் இனங்காணப்பட்டதும் அவ்வாண்டிலேதான். புகையிரதமும், கால்வாயும், கோப்பியின் சாவும், தேயிலையின் பிறப்பும் மூன்றாண்டுகளுக்குள் ஒன்றையொன்று தழுவி நிகழ்ந்தன. தற்செயல் என்று இதனைச் சொல்லலாம். ஆனால் அத்தற்செயலைப் பயன்படுத்திக்கொள்ள முதல் வைத்திருந்தவர்களும் உழைப்பைத் தரவேண்டியிருந்தவர்களும் வெவ்வேறு மனிதர்.

தேயிலை கோப்பியைப் போன்றதன்று. அதற்கு யந்திரம் மிகுதியாக வேண்டும். கோப்பிக் காலத்திலேயே, 1854இல், ஜோன் வோக்கர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் கண்டியில் ஒரு பட்டறை தொடங்கிக் கோப்பி உரிக்கும் யந்திரங்களைச் செய்து விற்றார். தேயிலை வந்தபின் உருட்டும் யந்திரம், உலர்த்தும் யந்திரம், அவற்றை ஓட்டும் நீராவி யந்திரம் எனத் தேவை பெருகியது. பெல்பாஸ்ற் நகரில் வார்க்கப்பட்ட உலர்த்தி, கால்வாய் வழியே கொழும்புக்கு வந்து, புகையிரதத்தில் மலையேறியது. தண்டவாளம் முடிந்த இடத்தில் மாட்டு வண்டி. வண்டிப் பாதையும் முடிந்த இடத்தில் மனிதனின் தோள். மலைச்சரிவில் எழும்பிய தேயிலைத் தொழிற்சாலைகளின் பாரம் முழுவதும் ஏதோ ஒரு கட்டத்தில் தமிழ்த் தொழிலாளரின் முதுகை அழுத்தியே மேலே சென்றது.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில், கண்டிக்கருகே ஒரு மாலைப் பொழுதில் எதிர்ப்பட்ட யானையைப் பற்றிச் சுவைபட எழுதியுள்ளார். தந்தத்தின் குறுக்கே பெருமரத்தைத் தாங்கி ஒடுங்கிய பாதையில் தனியே வந்த அந்த யானை, அவருடைய குதிரை மிரள்வதைக் கண்டு, மரத்தைக் கீழே போட்டுக் காட்டினுள் ஒதுங்கி வழிவிட்டதாம். படிக்க இனிமையான பகுதிதான். பாரம் சுமந்த யானையின் பண்பாட்டை வியந்த அந்தக் காலத்து எழுத்தாளருள், பாரம் சுமந்த மனிதரை அவ்வாறு நின்று நோக்கியவர் எத்தனை பேர்?

கால்வாயின் பிறப்பும் இதே கதைதான். 1859இல் வெட்டத் தொடங்கியபோது எகிப்திய விவசாயிகள் கட்டாய ஊழியத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டனர். ஒரே வேளையில் இருபதினாயிரம் பேர் வரையில் மணலிலே நின்றனர். கூடையே அவர்களது முக்கிய கருவி. கண்டியிலுள்ள வாசகருக்கு இது அந்நியமான செய்தியன்று. கண்டி ஏரியும் இராஜகாரிய ஊழியத்தால் எழுந்ததே. இலங்கையில் அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. எகிப்தில் அது நிறுத்தப்பட்டபோது நிகழ்ந்ததுதான் விசித்திரம். கூலியில்லா ஆட்களை இழந்த கம்பெனி நட்டஈடு கோரியது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் நடுவராக அமர்ந்து, 1864இல், எகிப்து 8 கோடி 40 இலட்சம் பிராங்க் செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தார். அதில் 3 கோடி 80 இலட்சம் கட்டாய ஊழியத்தை நிறுத்தியதற்கான நட்டஈடு. தன் குடிகளை அடிமை வேலைக்கு அனுப்ப மறுத்த குற்றத்துக்கு ஒரு நாடு தண்டம் கட்டியது. ஆட்கள் போனபின்னரே நீராவியால் இயங்கும் தூர்வாரும் பெரும் யந்திரங்கள் கால்வாய்க்கு வந்தன. 1956இல் நீரடியில் கிடந்த தூர்வாரிகளின் மூதாதையர் அவையே.

வீலரின் தொழிற் பயிற்சியும் ஒரு கால்வாயிலேதான் தொடங்கிற்று. 1911இல் இராணுவக் கல்லூரியை விட்டு வெளிவந்ததும் அவர் பனாமாவுக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்தில் குலேப்ரா என்னும் மலைவெட்டில் அடிக்கடி மண் சரிந்து, நீராவி மண்வெட்டி யந்திரங்களையும் தண்டவாளங்களையும் புதைத்துவிடும். வெட்டிய மண்ணை மீண்டும் வெட்டுவதும், புதைந்த யந்திரத்தைத் தோண்டி எடுப்பதும் அங்கே அன்றாட வேலையாயின. அதைச் செய்தவருள் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்புத் தொழிலாளர். அமெரிக்க வெள்ளையருக்குப் பொற்காசுப் பட்டியலிலும் இவர்களுக்கு வெள்ளிக்காசுப் பட்டியலிலும் சம்பளம் எழுதப்பட்டது. உணவுச் சாலையும் தபாற் கந்தோர் வாயிலும்கூட அவ்வாறே பிரிக்கப்பட்டிருந்தன. இரண்டாம் மகாயுத்தத்தில் வீலர் தொடர்பு கொண்டிருந்த லெடோப் பாதையிலும் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வேலைக்கு இறக்கப்பட்டனர். பேராதனைப் பூங்காவில் இருந்துகொண்டு பர்மாப் போர்முனைக்குப் பாரங்களை நகர்த்தியவரின் கணக்கேட்டுக்குப் பின்னால், ஒரு தேயிலை நாட்டின் கூலிகள் நின்றனர்.

இனி 1956. யூலை 26ஆம் திகதி நாசர் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். ஓகஸ்டில் இலண்டனில் கூடிய 22 நாடுகளுள் பதினெட்டு, கால்வாயைச் சர்வதேச ஆட்சிக்கு உட்படுத்தும் திட்டத்தை ஏற்றன. இந்தியா, சோவியத் யூனியன், இந்தோனேசியா, இலங்கை ஆகிய நான்கும் ஏற்கவில்லை. அந்நிய மாலுமி வழிகாட்டிகள் விலகினால் எகிப்தியரால் ஒரு கப்பலையும் நடத்தமுடியாது என்று மேற்குப் பத்திரிகைகள் எழுதின. செப்டெம்பர் நடுவில் அவர்கள் விலகினர். கப்பல்கள் வழக்கம்போலச் சென்றுகொண்டிருந்தன. ஒக்டோபர் 29இல் இஸ்ரேல் படையெடுத்தது. பிரித்தானியாவும் பிரான்சும் குண்டு வீசின. நவம்பர் முதல் வாரத்தில் போர்ட் சயிட்டில் அவற்றின் படைகள் இறங்கின.

அந்தச் சில நாள்களுக்குள் கால்வாய் அடைபட்டது. ஏறக்குறைய நாற்பது கலங்கள் நூறு மைல் நீளத்தில் ஆங்காங்கே அமிழ்ந்தன. பெரும்பாலானவற்றை எகிப்தியரே வேண்டுமென்று மூழ்கடித்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. அக்கா என்ற கப்பலைப் பிரித்தானிய விமானங்கள் தாக்கின. எட்கார் பொனே என்னும் இழுவைக் கப்பல், அபுகிர் என்னும் போர்க்கப்பல், தூர்வாரிகள், சரக்குப் படகுகள், எல் பெர்தான் புகையிரதப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் எனப் பலவும் சேற்றில் புதைந்தன. வழியைத் துப்புரவாக வைத்திருந்த யந்திரங்களே வழியை அடைத்துக் கிடந்தன.

கொழும்பில் ஏற்றிய தேயிலைப் பெட்டி சுயஸ் வழியே இலண்டனை அடைய ஏறக்குறைய 7,000 கடல் மைல் போதும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் 10,000க்கு மேல். இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை ஈட்டிய காலம் அது. கப்பற் கூலி உயர்ந்தால் அதனைத் தாங்குவோர் யார் என்ற கேள்விக்கு வணிகத்தில் ஒரே விடைதான் உண்டு: பேரம்பேச வலிமையற்றவர். இங்கே நாம் மறக்கலாகாத முரண் ஒன்றுளது. எகிப்தின் இறைமைக்காக இலங்கைப் பிரதிநிதிகள் நேர்மையுடன் வாதாடினர்; சினாயில் நின்ற ஐக்கிய நாடுகள் படையின் ஆலோசனைக் குழுவிலும் இலங்கை இடம் பெற்றது. அதே வேளையில் அந்நாட்டுக்குச் சோறு போட்ட தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகவும், அடுத்த ஆண்டுச் சட்டத்தால் வாக்கற்றவராகவும் இருந்தனர். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அந்த 1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில்தான். கால்வாயின் உரிமையாளர் யார் என்பதில் தெளிவாகப் பேசிய அரசு, தேயிலை மலையில் உழைத்தவர் யார் என்பதில் தெளிவாகப் பேசவில்லை.

அமிழ்ந்தவற்றை எடுப்பது யார் என்பதே அடுத்த போராட்டம். தம் மீட்புக் கப்பற்படை ஆயத்தமாக இருப்பதாகவும், பிறரால் இயலாதென்றும் பிரித்தானியர் வற்புறுத்தினர். குண்டு வீசியவனே கல் பொறுக்க வருவதை எகிப்து ஏற்கவில்லை. போர்ட் சயிட் துறைமுகத்தில் அவர்கள் தொடங்கிய வேலை போக, எஞ்சியது வீலரின் குழுவுக்கு வந்தது. ஒல்லாந்தின் ஸ்மிற், டென்மார்க்கின் ஸ்விற்சர் ஆகிய மீட்புக் கம்பெனிகள் முன்னின்றன. யூகோஸ்லாவியா, சுவீடன், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளின் கலங்களும் சேர்ந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த இரு பாரந்தூக்கிக் கப்பல்களின் பெயர்கள் ‘ஆற்றல்’, ‘விடாமுயற்சி’ எனப் பொருள்படுவன.

இவ்வேலையின் தன்மையை அறிந்தால்தான் அதன் அருமை புலனாகும். சேற்றிற் புதைந்த கப்பலை மேலிருந்து இழுத்துவிட முடியாது. சேறு அதனைக் கீழே உறிஞ்சிப் பிடித்திருக்கும். அப்பிடியைத் தளர்த்தாமல் இழுத்தால் வடம் அறும், அல்லது கலம் பிளக்கும். முதலிற் சுழியோடிகள் இறங்கி, கண் தெரியாத கலங்கலில் கையால் தடவியே துளைகளையும் முறிவுகளையும் அறியவேண்டும். சிறு துளைகளை அடைத்து நீரை இறைத்தால் சில கலங்கள் தாமாகவே மிதக்கும். மிதக்காதவற்றின் அடியில் நீர்ப்பீச்சினால் சேற்றைக் குடைந்து, இரும்பு வடங்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செலுத்துவர். பின் இரு புறமும் பாரந்தூக்கிகள் நின்று அங்குலம் அங்குலமாக உயர்த்தும். அதற்கும் அடங்காதவற்றை நீரடியிலேயே வெட்டித் துண்டாக்கித் தூக்குவர். அபுகிரில் வெடிமருந்தும் இருந்தது. கடைசியாக எஞ்சியவற்றுள் அதுவும் ஒன்று.

டிசம்பர் இறுதியில் தொடங்கிய வேலை 1957 ஏப்பிரலில் முடிந்தது. நீண்ட காலம் பிடிக்கும் என்று அச்சுறுத்தியோர் பேச்சு மறக்கப்பட்டது. செலவு 80 இலட்சம் டொலருக்கு மேல். சில அரசுகள் முன்பணம் கொடுத்திருந்தன. அதைத் திருப்பிக் கொடுக்கப் பொதுச் சபை 1957 டிசம்பரில் ஒரு வழி கண்டது: கால்வாயைக் கடக்கும் கப்பல்கள் சுங்கத்துக்கு மேல் நூற்றுக்கு மூன்று வீதம் செலுத்தவேண்டும். படையெடுத்த அரசுகளிடம் தண்டம் கேட்கப்படவில்லை. கப்பல்காரர் அந்த மூன்று வீதத்தைச் சரக்கின் மேல் வைத்தனர். சரக்கின் மேல் வைத்தது எங்கே இறங்கும் என்பதைத் தலவாக்கலையிலும் புசல்லாவையிலும் கொழுந்து நிறுத்தவர்கள் எவரும் கேட்டறியவில்லை. தொழிலாளரின் நாட்சம்பளத்தில் ‘சுயஸ்’ என ஒரு கழிவு எழுதப்பட்டிருந்தால் சரித்திர ஆசிரியரின் வேலை எளிதாயிருக்கும். ஏகாதிபத்தியம் அவ்வளவு வெளிப்படையாகக் கணக்கெழுதுவதில்லை.

1967 யூன் போரில் கால்வாய் மீண்டும் அடைபட்டது, இம்முறை எட்டாண்டுகள். தூர்வாரும் யந்திரங்களும் உட்பட்ட பத்துச் சிதைவுகள் 1974இல் எடுக்கப்பட்டன. 1975 யூன் 5இல் வழி திறந்தது. அந்த எட்டாண்டுகளில்தான், 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத்து மக்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இவற்றுக்குக் கால்வாயைக் காரணம் காட்டுவது பேதைமை. ஆயினும் நீண்ட கடல்வழியும் உயர்ந்த கூலியும் அரிசியின் விலையிலும் தேயிலையின் வரவிலும் ஒரு பங்கு வகிக்கவில்லை எனச் சொல்வதும் அதே அளவு பேதைமையாகும்.

2021 மார்ச் 23இல் எவர் கிவன் என்னும் 400 மீற்றர் நீளக் கப்பல் கால்வாயின் கரையில் முட்டிக் குறுக்கே நின்றது. அதன் முகப்பிற் சிறு மண்வெட்டி யந்திரம் ஒன்று தோண்டிக்கொண்டிருந்த படத்தைக் கண்டு உலகமே நகைத்தது. தூர்வாரிகளும் இழுவைக் கப்பல்களும் பௌர்ணமிக் கடல்வற்றுப் பெருக்கும் சேர்ந்து ஆறாம் நாள் அதனை மிதக்கவைத்தன. மீட்புக்கு அழைக்கப்பட்டிருந்தது அதே ஸ்மிற் கம்பெனியின் வழிவந்த நிறுவனம். நட்டஈட்டு வழக்கு முடியும்வரை கால்வாய் அதிகார சபை கப்பலைத் தடுத்துவைத்தது. அதிலிருந்த மாலுமிகள் இருபத்தைந்து பேரும் இந்தியர். மார்ச் 29இல் கப்பல் விடுபட்டது. அது கால்வாயை விட்டுப் புறப்பட அனுமதி கிடைத்தது யூலை 7ஆம் திகதி.