மரத்தில் கட்டிய குழாய், தரையில் கிடக்கும் ஆம்ப்

கருவடிக்குப்பம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும் சிவாஜி சிலை. கொஞ்சம் பழைய ஆளாக இருந்தால் சித்தானந்த சுவாமி கோயிலையும் பாரதி உலாவிய குயில் தோப்பையும் சொல்வார். இதே ஊர் இடுகாட்டில்தான் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியும் இருக்கிறது. நாடகக்காரர்களைத் தாண்டி இது பலருக்குத் தெரியாது.

கிதார் ஆம்ப்பை ஸ்டாண்டில் தூக்கி வைப்பதைப் பற்றி எழுதப் போகிறவன் ஏன் சுவாமிகளிடம் போகிறான் என்று கேட்பீர்கள். அவர் புதுச்சேரியில் காலமானது 1922 நவம்பர் 13. நம் நாடக மேடைக்கு மைக் வந்து சேராத காலம். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் உட்பட அத்தனை பேரும் சிறுவர்கள். வெறும் தொண்டையை நம்பி விடிய விடிய நடந்த நாடகங்கள் அவை. ஒலியை எந்த உயரத்தில் வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்விக்கு நம்ம ஊர் சொன்ன முதல் பதில்களை அங்கேதான் தேட வேண்டும்.

முதல் பதில், சுருதியை ஏற்றுவது. நாலு கட்டை, அதற்கும் மேலே என்று பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழில் பாதி, அந்த உச்சத்தில் அவர் குரல் பிசிறாமல் நின்றதால் வந்தது. மனிதக் காது கூர்மையாக இருப்பது மேல் ஸ்தாயிப் பக்கம்தான். பையன்களை வைத்துக் கம்பெனி நடத்தியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது: மகரக்கட்டு. குரல் உடைந்த நாளில் ராஜபார்ட் போட்ட பையன் திரைக்குப் பின்னால் போய்விடுவான். வெளியே அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

இரண்டாவது பதில், மேடையை உயர்த்துவது. பார்ப்பதற்கு வசதி என்று மட்டும் நாம் நினைக்கிறோம். மனித உடம்பும் துணியும் ஒலியை விழுங்கிவிடும். நடிகரும் சபையும் ஒரே மட்டத்தில் இருந்தால் முதல் நாலு வரிசையே பாதிப் பாட்டைத் தின்றுவிடும். தரை டிக்கெட்காரர்களைக் கீழே உட்காரவைத்து, நடிகரின் வாயை அவர்கள் தலைக்கு மேலே கொண்டுபோனது ஒலிக்கான ஏற்பாடும்தான்.

பிறகு மின்சாரம் வந்தது. 1915-இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதம் என்ற இருவர் தங்கள் ‘மேக்னவாக்ஸ்’ ஒலிபெருக்கியை ஊர்மக்கள் முன்னால் முழங்கவிட்டார்கள். 1919-இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியேகோ மைதானத்தில் ஏறக்குறைய 50,000 பேரிடம் அதன் வழியாகப் பேசினார். இங்கே மோட்வானே குடும்பத்தின் ‘சிகாகோ ரேடியோ’ 1930-களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டியது. பெயரில்தான் சிகாகோ, கம்பெனி நம் நாட்டுடையது. 1940-இல் தொடங்கிய அஹூஜாவின் பெயர் இன்றைக்கும் ஊர் ஊராக மைக்செட் கடைகளில் தொங்குகிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் மைக்செட்காரர். கோயில் திருவிழாவோ கட்சிக் கூட்டமோ, வந்ததும் அவர் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். எந்தத் தென்னை, எந்தப் புளியமரக் கிளை, எங்கே சவுக்குக் கம்பம் நடலாம் என்று. பையன் ஒருவன் மேலேறிக் குழாயைக் கட்ட, இவர் கீழே நின்று “கொஞ்சம் சாய்டா, இன்னும் கொஞ்சம்” என்று கையை ஆட்டுவார். அந்தச் சாய்ப்பு வெறும் பழக்கமல்ல. கணக்கு போட்டுப் பார்க்கலாம், சுலபம்தான்.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். குழாயைத் தலை மட்டத்தில் வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு 1 மீட்டர் தூரம், கடைசி ஆளுக்கு 64 மீட்டர் என்று வையுங்கள். வித்தியாசம் 36 டெசிபெல். முன்னால் இருப்பவர் காதைப் பொத்துவார், பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதே குழாய் காதுக்கு 8 மீட்டர் மேலே போனால் மிகப் பக்கத்தில் இருப்பவருக்கே 8 மீட்டர். கடைசி ஆளுக்கு 64-க்குச் சற்றுக் கூட. வித்தியாசம் 18 டெசிபெல்தான், பாதியாகிவிட்டது. வாயைக் கடைசி வரிசைப் பக்கம் சாய்த்துவிட்டால், நேரடியான ஒலி தூரத்துக்குப் போகும், அடியில் இருப்பவர்மேல் ஓரத்து ஒலி மட்டும் விழும். வித்தியாசம் இன்னும் குறையும். (அந்த வாய் பக்கத்துத் தெருவைப் பார்த்துத் திரும்பினால் என்ன ஆகும் என்பதைப் பரீட்சை நேரத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் தடை போட்டது சும்மா இல்லை.)

சரி, கிதாருக்கு வருவோம். குழாயைத் தென்னை உச்சிக்கு ஏற்றிய அதே ஊரில், மெல்லிசைக் குழு மேடைகளுக்கு எலக்ட்ரிக் கிதார் வந்தபோது அதன் ஆம்ப் தரையில் உட்கார்ந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கல்யாண மண்டபம், கல்லூரி விழா, கடற்கரைச் சாலை நிகழ்ச்சி, எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். வாசிப்பவர் ஆம்ப்புக்கு முன்னால் நிற்பார், ஆம்ப் அவர் கெண்டைக்காலுக்கு வாசித்துக்கொண்டிருக்கும்.

இதில் என்ன குறை? 12 அங்குல ஸ்பீக்கரில் ஏறக்குறைய 1,200 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக ஒலி டார்ச் லைட் மாதிரி நேராகக் குவியும். கீழ் சுரங்கள் மட்டும் எல்லாப் பக்கமும் பரவும். தரையில் இருக்கும் ஆம்ப்பின் ஸ்பீக்கர் நடு சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், நிற்பவர் காது 160-இல். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் காது, ஸ்பீக்கரின் நேர்க்கோட்டிலிருந்து 41 டிகிரி மேலே. கம்பியின் கூர்மை அவருக்கு எட்டவே எட்டாது. “சவுண்டு மந்தமா இருக்கே” என்று ட்ரெபிளைத் திருகுவார், பிறகு வால்யூமை. அந்தக் கூர்மை மேடையைத் தாண்டி முன்வரிசை நாற்காலிக்காரர் காதில் போய்க் குத்தும்.

தரையும் சும்மா இருப்பதில்லை. தரையை ஒட்டிய ஸ்பீக்கரின் கீழ் சுரங்களை அது 6 டெசிபெல் வரை கூட்டித் தரும். நம்ம ஊர் மேடையோ பலகை, உள்ளே வெற்றிடம். அதுவும் கூடவே உறுமும். பேஸ் கிதாரும் டிரம்ஸும் இருக்கிற இடத்தில் இந்த உறுமலும் சேர்ந்தால் பாடுகிறவருக்குச் சுருதியே பிடிபடாது. அவர் தொண்டையைக் கூட்டுவார். நூறு வருஷத்துக்கு முன்னால் பாய்ஸ் கம்பெனிப் பையன் பட்ட பாடு, மைக் கையில் இருந்தும் தொடர்கிறது.

வெளிநாட்டில் இதற்கு மருந்து 1960-களிலேயே வந்துவிட்டது. வாக்ஸ் கம்பெனி குரோம் பூசிய சக்கர ஸ்டாண்டில் ஆம்ப்பைப் பொருத்தி, அச்சில் சாய்க்கும்படி செய்தது. ஃபெண்டர் ட்வின் ரிவர்ப்பின் இரு பக்கமும் மடக்குக் கால்கள் வந்தன, நீட்டிவிட்டால் ஆம்ப் பின்னால் சாய்ந்து வாசிப்பவர் முகத்தைப் பார்க்கும். மார்ஷல் நான்கு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் பாதியைச் சரிவாக வெட்டியது. இவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் இருந்தது, தன் வாசிப்பு தனக்கே கேட்கவில்லை என்ற வயிற்றெரிச்சல். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் பீட்டில்ஸ் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்களோடு நின்றார்கள். ரசிகர் கூச்சலில் அதுவும் முங்கிப்போனது.

தூக்குவதும் சாய்ப்பதும் ஒரே வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 45 சென்டிமீட்டர் ஸ்டாண்டில் நேராகத் தூக்கி வைத்தால் மேலே சொன்ன 41 டிகிரி 30-க்கு அருகே இறங்கும், தரையின் உறுமலும் குறையும். தரையிலேயே விட்டுப் பின்னால் சாய்த்தால் கூர்மை காதுக்கு வரும், உறுமல் பெரிதாகக் குறையாது. என் ஓட்டு இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் சாய்வு ஸ்டாண்டுக்கு. அது இல்லாத மேடையில் உறுதியான மரப்பெட்டி போதும், முன்பக்க அடியில் ஒரு கட்டை. பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், அதிர்விலேயே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும்.

இப்படி வைத்த முதல் நாள் பெரும்பாலானோர் தாங்களாகவே வால்யூமைக் குறைப்பார்கள். அது காதுக்கு நல்லது. 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிஷம்தான். நம் கச்சேரிகள் மூன்று மணி நேரம் ஓடுகின்றன.

இப்போது பெரிய மேடைகளில் ஸ்பீக்கர்களை வரிசையாகக் கோத்துத் தூக்கிக் கட்டுகிறார்கள், கீழ்ப்பக்கம் சபையை நோக்கி வளைந்திருக்கும். தென்னையில் கட்டிச் சாய்த்த குழாயின் பேரப்பிள்ளைகள். அவற்றைக் கட்டுகிறவர்கள் மறுபடி அண்ணாந்து பார்த்து, கோணம் அளந்து, அரை நாள் செலவழிக்கிறார்கள். அவ்வளவும் முடிந்தபின் கிதார்க்காரர் வந்து, ஆம்ப்பைத் தரையில் வைத்து, வயரைச் செருகுகிறார்.