பிழை கதிரையில் இல்லை, பாதையில்: சக்கர நாற்காலிச் சாய்வுப்பாதையை நீர்மட்டம் வைத்துச் சோதிப்பது எப்படி?

2009இல் முதுகுத்தண்டில் காயப்பட்ட என் சித்தப்பா சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். புது வீட்டுக்குக் குடிபோனபோது விறாந்தையிலிருந்து முற்றத்துக்குச் சீமெந்தில் ஒரு சாய்வுப்பாதையும் கட்டித் தந்தார்கள். அன்றிலிருந்து ஒரே சிக்கல். இறங்கும்போதெல்லாம் கதிரை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. இடது சில்லைக் கையால் தள்ளித் தள்ளித்தான் அவர் நேரே வரவேண்டியிருந்தது. முன்சில்லை மாற்றினோம், போல்பெயாரிங்கை மாற்றினோம். ஒன்றும் சரிவரவில்லை. இரவில் தோள்மூட்டு நோகுது என்று சொல்லத் தொடங்கினார்.

கடைசியில் பக்கத்து வளவில் வேலைக்கு வந்த வயதான மேசன் ஒருவர் தன் இரண்டடி நீர்மட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே வைத்தார். குமிழி வலப்பக்க ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இடது முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை உயர்த்தினார். அடியில் ஓர் அங்குல இடைவெளி.

"கதிரை பிழையில்லைப் பிள்ளை, பாதைதான் பிழை," என்றார்.

இரண்டடிக்கு ஓர் அங்குலமென்றால் மூன்றடி அகலப் பாதையில் ஒன்றரை அங்குலம். அவ்வளவு சாய்வையும் எங்கள் கண் காணவில்லை. வேலியும் சுவரும் மண்ணும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும்போது கண் ஏமாறும். குமிழிக்குப் புவியீர்ப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

பொதுக் கட்டடங்களுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டு முற்றத்தை நாங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தேவையானவற்றை மேசன்மாரிடம் கேட்டும், நானே அளந்து பார்த்தும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நீர்மட்டம் எப்படி வேலை செய்கிறது?

1660களின் தொடக்கத்தில் பிரான்ஸ் நாட்டு மெல்ஷிசெதெக் தெவெனோ கண்டுபிடித்த கருவி இது. மிக இலேசாக மேல்நோக்கி வளைந்த கண்ணாடிக் குழாயில் மதுசாரம் போன்ற திரவத்தை நிரப்பி, ஒரு காற்றுக் குமிழியை மட்டும் விட்டிருப்பார்கள். காற்று எப்போதும் உயரமான இடத்துக்கே போகும். குமிழி இரு கோடுகளுக்கும் நடுவில் நின்றால் தளம் மட்டம். ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கம் உயரம்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டுத் தேவைக்கு இரண்டடி நீளம் போதும். ஒன்பது அங்குலச் சிறிய மட்டம் கைக்கு வசதிதான், ஆனால் சீமெந்துத் தரையின் சிறு மேடு பள்ளமே அதை ஏமாற்றிவிடும். கிடைக்குப் பார்க்கும் குழாயும் நிலைக்குத்துக்குப் பார்க்கும் குழாயும் இருக்க வேண்டும். சிலவற்றில் மீற்றருக்கு 0.5 மி.மீ. என்று பொறித்திருப்பார்கள். எண் சிறிதானால் துல்லியம் அதிகம். சாய்வுப்பாதைக்கு 1 மி.மீ. பிழையும் பெரிதல்ல.

விலையைவிட முக்கியம் கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. மேசையில் நீர்மட்டத்தை வைத்து, அது இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். குமிழி எங்கே நிற்கிறதென்று பாருங்கள். பிறகு முனை மாற்றித் திருப்பி அதே குறியில் வையுங்கள். குமிழி மேசையின் அதே பக்கத்தில், அதே அளவு விலகி நின்றால் கருவி சரி, மேசைதான் சாய்வு. குமிழி மற்றப் பக்கம் மாறினால் கருவியே பிழை. நிலைக்குத்துக் குழாயையும் சுவரில் வைத்துப் பார்த்து, மற்ற விளிம்பு சுவரில் படும்படி திருப்பி அதே இடத்தில் மீண்டும் பாருங்கள்.

இந்தச் சோதனையை வீட்டிலும் இடைக்கிடை செய்யுங்கள். கீழே விழுந்த நீர்மட்டத்தை நம்பக்கூடாது. விளிம்பில் காய்ந்த சீமெந்து ஒட்டியிருந்தாலும் கணக்குப் பிழைக்கும். வெயிலில் போட்டு வைக்கவும் வேண்டாம்.

ஏறும் சரிவு: ஓரடிக்கு ஓர் அங்குலம்

பல நாடுகளில் கடைப்பிடிக்கும் அளவு 1:12. ஓர் அங்குலம் ஏற ஓரடி நீளம் வேண்டும். விறாந்தை ஒன்றரை அடி உயரமென்றால் பாதை 18 அடி. "இடமில்லை" என்று ஆறடியில் முடித்தால் ஒருவர் பின்னால் நின்று தள்ளாமல் ஏற முடியாது. இடம் குறைவென்றால் பாதையைத் திருப்பிக் கட்டலாம். திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி மட்டமான தளம் வேண்டும். பாதை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அப்படியே. உயரம் இரண்டரை அடிக்கு மேலென்றால் இடையிலும் ஒரு தளம் தேவை.

கட்டி முடிந்த பாதையைச் சோதிக்க இலகுவான வழி உண்டு. சரியாக இரண்டு அங்குலத் தடிப்புள்ள மரத்துண்டை இரண்டடி நீர்மட்டத்தின் பள்ளப்பக்க முனைக்கு அடியில் வைத்து, பாதையின் நீளவாக்கில் பிடியுங்கள். குமிழி நடுவில் நின்றால் சரிவு 1:12. மேட்டுப்பக்கம் போனால் பாதை அதைவிடச் செங்குத்து. மூன்று நான்கு இடங்களில் பாருங்கள்.

குறுக்குச் சரிவு: யாரும் பார்க்காத பிழை

பாதை ஒரு பக்கம் சாய்ந்தால் முன்சில்லுகள் பள்ளத்தை நோக்கித் திரும்பும். நேரே போக ஒரு கை மற்றக் கையைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டும். கால் இயங்காதவருக்குத் தோள்தான் கால். அது தேய்ந்தால் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறவும் இன்னொருவரின் உதவி வேண்டிவரும்.

இருக்கும் இடம் சாய்ந்தாலும் ஆபத்து உண்டு. நாள் முழுக்கக் கதிரை நிற்கும் விறாந்தை ஒரு பக்கம் சரிந்திருந்தால் உடம்பின் பாரம் ஒரு பக்க இடுப்பில் இறங்கும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு அது தெரியாது. படுக்கைப்புண் அப்படியும் தொடங்கலாம்.

குறுக்கே வைத்த இரண்டடி நீர்மட்டத்தின் பள்ளமுனையில் இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கால் அங்குலத்துக்குள் நின்றால் நல்லது, மழைநீர் வடிய அது போதும். மலசலகூடத் தரைக்கும் இதே கணக்குத்தான். தண்ணீர் ஓடட்டும் என்று கூடுதலாகச் சரித்தால், கொமட்டுக்கு மாறும் நேரத்தில் கதிரை நகரும்.

கொங்கிறீட் போடுவதற்கு முன்

பிழையைச் செலவில்லாமல் திருத்தக்கூடிய நேரம் கொங்கிறீட் போடுவதற்கு முந்தைய அரை மணித்தியாலம்தான். பாதையின் இரு பக்கமும் பலகை அடித்திருப்பார்கள். அந்த இரு பலகைகளுக்கும் குறுக்கே நேரான தடியொன்றை வைத்து, அதன்மேல் நீர்மட்டத்தை வையுங்கள். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் குமிழியை நேர் மேலிருந்து பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் மாறித் தெரியும். பிழையென்றால் அடிக்கட்டையைத் தட்டினாலே சரியாகிவிடும்.

கூடவே மூன்றைக் கேளுங்கள்: இடைப்பட்ட அகலம் மூன்றடிக்குக் குறையக்கூடாது, ஓரத்தில் நாலு அங்குல உயரக் கட்டு வேண்டும், மேற்பரப்பை வழுவழுப்பாகத் தேய்க்காமல் விளக்குமாற்றால் குறுக்கே கீறிவிட வேண்டும்.

கதவு நிலையையும் மறக்க வேண்டாம். நிலையின் முன்முகத்திலும் உட்பக்கத்திலும் நிலைக்குத்துக் குழாயை வைத்துப் பாருங்கள். நிலை சாய்ந்தால் கதவு தானாகத் திறக்கும், அல்லது தானாகச் சாத்தும். எழும்பி நடப்பவருக்கு அது சின்ன எரிச்சல். கதிரையில் இருப்பவருக்கு வழி அடைபட்டுவிடும்.

சித்தப்பாவின் பாதையின் நீளம் சரியாகவே இருந்தது. மேற்பரப்பை மட்டும் கொத்தி எடுத்துத் திரும்பப் போட்டோம். இரண்டு மூட்டை சீமெந்தும் மணலும் மேசன் கூலியும்தான் செலவு. கட்டும் நாளிலேயே குறுக்கே ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் அதுவும் மிச்சம், அவரது தோள்நோவும் மிச்சம்.

கட்டித் தருபவர்கள் முன்னால் நீர்மட்டத்தோடு போய் நிற்க எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். தருவதே பெரிது, அதில் குற்றம் பார்ப்பதா என்ற எண்ணம். ஆனால் அந்தப் பாதையில் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கப்போகிறவர் அவர்கள் அல்ல. இப்போது சித்தப்பா ஒரு கையால் சில்லைத் தள்ளி, மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்துக்கு வருகிறார்.